வராத கப்பல்கள்



பாலவனத்தத்தில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். கண்மாய் பெருகினால் அந்த வருஷம் சோறு உண்டு, பெருகாவிட்டால் பிழைப்பைத் தேடி ஊரை விட்டுப் போக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீமை இது. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல். திருச்சுழிப் பக்கம் குண்டாறு ஓடுகிறது. அதிலும் தண்ணீரைவிட மணலைத்தான் அதிக நாள் பார்த்திருக்கிறோம். இங்கே கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. வ.உ.சி. தன் சொத்தையும் சுகத்தையும் போட்டு வளர்த்த அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர் என்றுதான் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய கப்பலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் வேறு சில கப்பல்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த காலத்தில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “சார், இங்கிலீஷ்காரன் தோத்து, டச்சுக்காரன் ஜெயிச்சிருந்தா நம்ம ஊரு எப்படி சார் இருந்திருக்கும்?” வகுப்பு சிரித்தது. “சரித்திரத்தில் ‘இருந்தால்’ என்ற பேச்சே கிடையாது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்று நான் செய்தது தவறு என்று இப்போது முழு மனத்தோடு சொல்கிறேன். எத்தனை வழிகள் திறந்து கிடந்தன என்பதைச் சொல்லாமல், நடந்த வழியை மட்டும் சொல்லிக் கொடுத்தால், நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். தலையெழுத்துக்கு இன்னொரு பெயர் வரலாறு என்று ஆகிவிடுகிறது. அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இந்த மேடையில் சொல்லப் பார்க்கிறேன்.

பாடப்புத்தகத்தில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று நான்கு பேர் வருவார்கள். டேனிஷ்காரர்களுக்கு ஒரு வரி கிடைக்கும், தரங்கம்பாடி என்ற பெயரோடு. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். கப்பல்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பும் எண்ணமே அவருக்கு இல்லை. கண்டி அரசர் செனரத், போர்த்துகீசியரை விரட்ட உதவி தேடி, தம்மிடம் இருந்த போஷவர் என்ற டச்சுக்காரரை ஐரோப்பாவுக்குத் தூது அனுப்பியிருந்தார். சொந்த நாட்டில் காரியம் நடக்காததால் போஷவர் டென்மார்க் போனார். அரசரோடு ஒப்பந்தம் எழுதினார். 1618 நவம்பரில் ஓவ கெட்டே என்ற தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. தளபதிக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. வழியிலேயே ஏராளமான மாலுமிகள் செத்தார்கள், போஷவரும் செத்தார். 1620இல் இலங்கைக் கரையைத் தொட்டபோது கண்டி அரசர் போர்த்துகீசியரோடு ஏற்கெனவே சமாதானம் செய்துகொண்டிருந்தார். போஷவர் எழுதிய ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

இதற்குள், முன்னால் அனுப்பப்பட்டிருந்த ‘ஓரசுந்து’ என்ற கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர் உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவரும் பதின்மூன்று பேரும் பிடிபட்டு, தஞ்சை நாயக்கர் இரகுநாதரிடம் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த நனைந்த உடம்புக்காரர்களை இரகுநாத நாயக்கர் பார்த்த பார்வையில்தான் தரங்கம்பாடியின் வரலாறு பிறந்தது. போர்த்துகீசியர் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு தஞ்சையின் கடல் வாணிபத்தை நெருக்குகிறார்கள். அவர்களுக்கு எதிராக இன்னொருவரைத் தம் கரையில் உட்கார வைத்தால் என்ன என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. டென்மார்க் அரசருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பனையோலை வடிவில் தட்டிய பொன் தகடு. எழுத்து தமிழ். அடியில் நாயக்கரின் கையொப்பம் தெலுங்கு. ஐரோப்பியர் வந்தார்கள், பிடித்தார்கள் என்று நாம் படித்த கதையில் இந்தப் பொன்னோலைக்கு இடமே இல்லை. ஓலை அனுப்பியவர் நம் கரையில் இருந்தவர். வழி கேட்டு நின்றவர்கள்தான் அவர்கள்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் ஆச்சரியம். வாணிபம் நொடித்தது. டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் மாட்டிக்கொண்டது. 1639இல் புறப்பட்ட கப்பல்களுக்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பி வரவில்லை. முப்பது வருஷம்! 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் அவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையில் இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, கடுதாசி இல்லை, மாற்றாள் இல்லை. ஒவ்வொருவராகச் செத்துக் கடைசியில் எஸ்கில் கொங்ஸ்பக்க என்ற ஒரு சாதாரண ஆள் பொறுப்பாளராக மிஞ்சினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் கோட்டையை விடவில்லை. வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து அந்த வருமானத்தில் காலம் தள்ளினார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். உள்ளூர் ஆட்கள் துணையில்லாமல் இதில் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது. 1669 மே மாதம் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்தபோது, கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது.

அந்தக் கப்பல் வராமலே போயிருந்தால்? இதைக் கற்பனை செய்வதற்குச் சிறகு ஒன்றும் வேண்டியதில்லை. முப்பது வருஷம் வராத கப்பல் நாற்பது வருஷமும் வராமல் இருந்திருக்கலாம். கொங்ஸ்பக்கவுக்குப் பின் அந்தக் கோட்டை தஞ்சை அரசுக்குத் திரும்பியிருக்கும். உடன் இருந்தவர்களின் பிள்ளைகள் பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கம் ஒரு குடியாகக் கலந்து, வெளுத்த தோலைத் தவிர வேறு அடையாளம் இல்லாமல், இரண்டு தலைமுறையில் அதுவும் இல்லாமல், தமிழ் பேசிக்கொண்டு இருந்திருப்பார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்க ஒரு டேனிஷ் துறை இருந்திருக்காது. 1715இல் தரங்கம்பாடி அச்சில் தமிழ்ப் புதிய ஏற்பாடு வந்திருக்காது. அப்படியானால் தமிழில் அச்சே இருந்திருக்காதா என்றால், அதுவும் சரியில்லை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலே, 1578இல், முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் போட்டுக் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. ஒரு ‘இருந்தால்’ எதை அழிக்கும், எதைத் தொடாது என்று இப்படிப் பிரித்துப் பார்க்கும்போதுதான் எது எதைத் தாங்கி நின்றது என்று தெரிகிறது.

அந்த முப்பது வருஷத்துக்குள்ளேயே இன்னொரு கதவும் திறந்து மூடியது. 1651இல் டென்மார்க், தரங்கம்பாடியை பிராண்டன்பர்க் என்ற ஜெர்மானிய அரசுக்கு 1,20,000 தாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. வாங்கியவரிடம் பணம் புரளவில்லை, விற்பனை விட்டுப்போயிற்று. புரண்டிருந்தால் சோழ மண்டலக் கரையில் ஒரு ஜெர்மானியக் காலனி இருந்திருக்கும். கடைசியில் 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குத் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குப் போயின. இருநூற்றிருபத்தைந்து ஆண்டு ஆட்சி ஒரு கிரயப் பத்திரத்தில் முடிந்தது.

இவர்களையாவது ஒரு வரியில் படிக்கிறோம். பரங்கிப்பேட்டையில் சுவீடன்காரர்கள் வந்ததை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1733இல் கோத்தன்பர்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்தது. பண்டகசாலை போட்டார்கள். ஒரு மாதம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் ஆள் அனுப்பி அதைச் சூறையாடினார்கள். தம்முள் ஜென்மப் பகையாளிகளான இருவரும் மூன்றாமவரைத் துரத்துவதில் கைகோத்துக்கொண்டார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி, அதாவது ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் அனுமதித்த கம்பெனி, இருந்தது. பேரரசருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசாவின் பட்டத்தை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும். அதற்கு விலையாக ஆங்கிலேயர் கேட்டது அந்தக் கம்பெனியை. 1727இல் நிறுத்தினார், 1731இல் முழுக்க ஒழித்தார். வியன்னாவில் ஒரு தகப்பனின் கவலை, கோவளத்தில் கடையை மூடியது. நிக்கோபாரில் 1756இல் டேனிஷ்காரர்கள் கொடி ஏற்றினார்கள்; 1778இல் ஆஸ்திரியர்கள் வந்து தம் கொடியை ஏற்றினார்கள்; இரண்டு பேரையும் காய்ச்சல் தின்றது.

இந்தக் கதைகளைக் கேட்கும்போது ஓர் ஆசை வரும். எனக்கும் வந்தது. சின்ன நாட்டுக்காரன் ஜெயித்திருந்தால் நமக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது, டேனிஷ்காரன் நல்லவன், டச்சுக்காரன் வியாபாரி, நாட்டைப் பிடிக்கும் ஆசை இல்லாதவன் என்று சிலர் சொல்வார்கள். இந்த ஆசையை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பீஜப்பூர்ப் படை புகுந்து ஊர்களைப் பாழாக்கியது, பஞ்சம் வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கிய மனிதர்கள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோரை இலங்கைக்கு ஏற்றினார்கள். மீதிப் பேரை பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். அடிமைகளாக. அரிசி இல்லாத வீட்டில் பிள்ளையை விற்ற தாயைப் பற்றி ‘டச்சுக்காரன் ஜெயித்திருந்தால்’ என்ற கற்பனை என்ன சொல்லும்? மானாவாரி நிலத்துக்காரர்களான நமக்குப் பஞ்சம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். நடுவில் சில இடைவெளிகள் போக, 1825 வரை அங்கே இருந்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் அவர்கள் விட்டுச் சென்ற ஒரு சொல் இன்னும் இருக்கிறது. ‘கையில துட்டு இல்ல’ என்கிறோமே, அந்தத் துட்டு டச்சுக்காரரின் செப்புக் காசு. அவர்கள் மொழியில் ‘டொய்ட்’. சின்னக் காசு. அதன் ஒரு பக்கத்தில் கம்பெனியின் பெயரைச் சுருக்கி மூன்று எழுத்துகளைப் பின்னிப் பொறித்திருப்பார்கள்: வி, ஓ, சி. அந்தக் காசு புழங்கிய அதே தூத்துக்குடியில் இன்னொரு வி.ஓ.சி. பிறகு கப்பல் விட்டார். துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர். இது தற்செயல்தான். ஆனாலும் அந்தக் காசின் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி பாலவனத்தத்தாரின் கப்பல். கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு எடுத்தார். முதலில் வாடகைக் கப்பல் ஓட்டினார்கள். போட்டியாக ஓடிய பிரிட்டிஷ் கம்பெனி, கொடுத்தவரை மிரட்டி அதைப் பிடுங்க வைத்தது. பிறகு சொந்தமாகவே ‘கேலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வாங்கி, 1907 மே மாதம் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிப்போகிறோம், குடையும் தருகிறோம் என்றார்களாம். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. 1911இல் கம்பெனி கலைந்தது. கேலியாவை எதிரிக் கம்பெனிக்கே விற்றார்கள். அந்த வருஷம் டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் காலமானார்.

கம்பெனி பிழைத்திருந்தால்? இந்தக் கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடாது. 1899இல் இலங்கை அரசு மன்னார் வழியாக நடந்துபோகும் பாதையை மூடிவிட்டது. அதற்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் தூத்துக்குடி–கொழும்புக் கப்பலில்தான் ஏற வேண்டியிருந்தது. நம் சீமையிலிருந்து போனவர்களும் அப்படித்தான். என் அப்பத்தா தன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வாள்: “தகரத்தக் கழுத்துல கட்டிக்கிட்டுக் கண்டிச் சீமைக்குப் போனாரு, அப்புறம் வரவே இல்ல.” சிறுவயதில் தகரம் என்றால் ஏதோ டப்பா என்று நினைத்தேன். அது ஒரு தகர வில்லை. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று எண் குத்தியிருக்கும். அந்த வில்லையைக் காட்டினால் ரயில் கட்டணம், கப்பல் கட்டணம் எல்லாம் தோட்டத்தின் கணக்கில். பிறகு அவர் உழைப்பில் கழியும். ஆக, கடலைக் கடந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு எந்தக் கப்பலில் ஏறுவது என்று தீர்மானிக்கும் உரிமையே இல்லை. கட்டணம் கட்டியவர் துரை. அவர் சுதேசிக் கப்பலுக்கு ஆள் அனுப்புவாரா? கம்பெனியின் கஷ்டத்துக்குக் குடைக்கதை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். அந்தத் தகர வில்லையும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல். கூலி ஆட்களின் முகாம் மண்டபத்துக்கு மாறியது. தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கூட்டம் எப்படியும் வற்றியிருக்கும். 1911இல் தப்பியிருந்தாலும் 1914இல் பாண்டித்துரைத் தேவரின் வாரிசுகளும் பங்குதாரர்களும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அதே 1914இல் உலகப் போர் வெடித்தது. சரக்குக் கட்டணம் உச்சிக்கு ஏறியது. கப்பல் வைத்திருந்தவன் ராஜா. பயணிகளை விட்டுச் சரக்குக்குத் திரும்பியிருந்தால் கேலியாவும் லாவோவும் பருத்திப் பொதியும் துணிப் பொதியும் ஏற்றிப் பணம் பார்த்திருக்கும். அரசாங்கம் அவற்றைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ‘எம்டன்’ வங்கக் கடலில் மூழ்கடித்த கப்பல்களோடு அவையும் மூழ்கியிருக்கலாம். தப்பியிருந்தால், 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பலை, பன்னிரண்டு வயது மூத்த தூத்துக்குடிக் கம்பெனி ஒன்று வழியனுப்பியிருக்கும். கரையோரக் கப்பல் போக்குவரத்து இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்று பிறகு பம்பாய்க்காரர்கள் நடத்திய நீண்ட வழக்காடலில் தெற்கத்திக் குரலும் சேர்ந்திருக்கும். 1908க்கும் 1914க்கும் நடுவில் ஆறே வருஷம். வெளியே ஒரு வ.உ.சி.யும், மதுரையில் ஒரு பாண்டித்துரைத் தேவரும், பங்கை விற்காமல் வைத்திருக்கும் சில ஆயிரம் பேரும் ஆறு வருஷம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தேவைப்பட்டது. எஸ்கில் கொங்ஸ்பக்க ஒரு மதிலை வைத்துக்கொண்டு அதைவிட அதிக காலம் தாக்குப்பிடித்தார். அவரைச் சிறையில் போட ஆள் இல்லை; வ.உ.சி.யைப் போட்டார்கள்.

எட்டாம் வகுப்புப் பையனே, நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. உனக்கு என் பதில் இது. டச்சுக்காரன் ஜெயித்திருந்தால் கோட்டையின் மேல் வேறொரு கொடி பறந்திருக்கும். கண்மாய்க் கரையில் உன் பாட்டன் அதே கவலையோடுதான் நின்றிருப்பான். அந்தப் பாட்டனோ, அவனுடைய ஜமீன்தாரோ, பங்கு வாங்கிய வியாபாரியோ, பொன்னோலை எழுதிய அரசரோ வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் என்று கேள். அந்தக் கேள்விக்கு உட்கார் என்று யார் சொன்னாலும் உட்காராதே.

முடிக்குமுன் ஊராரிடம் ஒரு கோரிக்கை. பழைய வீடுகளில் பரண்மேல் ட்ரங்குப் பெட்டிகள் இருக்கும். பத்திரம், ஜாதகம், கடுதாசி என்று கட்டுக் கட்டாகக் கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரித்துப் பாருங்கள். 25 ரூபாய் என்று போட்ட ஒரு பங்குப் பத்திரம் இருக்கலாம். எண் குத்திய ஒரு தகர வில்லை இருக்கலாம். கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து பார்க்கிறேன்.